ஆஸ்பத்திரிக்கு அட்டெண்டர் வைக்கிறவங்க படிங்க: 32,000 ரூபாய் போச்சு, அப்பாவுக்குப் படுக்கைப் புண்

இன்னும் கை நடுங்குது. எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, கால் வரல, பேச்சு குழறுது. திருச்சியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு ஓசூர்ல ஷிஃப்ட் வேலை. நோயாளிகளுக்கு ஆள் அனுப்புற ஒரு ஏஜென்சியப் பிடிச்சோம். ஒரு நாளைக்கு 1,400 வீதம் 18 நாளுக்கு 25,200. படுக்கைப் புண் வராம இருக்கப் போடுற ஏர் பெட் (பம்ப் வச்சுக் காத்தடிக்கிற மெத்தை) வாடகை 6,800. மொத்தம் 32,000 ரூபாயும் முன்பணம்.

அந்த மேனேஜர் வார்டு வராண்டாவுல நின்னு பேசினது இன்னும் காதுல இருக்கு. "தம்பி, பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் போடுவாங்க. நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க." கட்டில்ல ஒரு சார்ட்டையும் மாட்டினார். 2 மணி இடது பக்கம், 4 மணி நேரா, 6 மணி வலது பக்கம், ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து. தினமும் ராத்திரி வாட்ஸ்அப்புல அந்த சார்ட் போட்டோ வரும். அதைப் பார்த்துட்டுத்தான் நான் தூங்குவேன்.

17ஆம் நாள் காலையில பிசியோதெரபிஸ்ட் அப்பாவை உட்கார வைக்கத் தூக்கினப்ப வாடை அடிச்சிருக்கு. முதுகெலும்பு முடியுற இடத்துல, உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு. நடுவுல தோல் செத்துக் கருத்துப் போயிருக்கு. சர்ஜன் அதை வெட்டி எடுத்துட்டு, மூணாவது ஸ்டேஜ், தோலுக்குக் கீழ கொழுப்பு வரைக்கும் போயிருச்சுன்னார். அப்பாவால வலிக்குதுன்னு வாய் திறந்து சொல்லவும் முடியல.

பஸ் பிடிச்சு ஓடினேன். போய்ச் சேர்ந்தப்ப ராத்திரி 9 மணி. சார்ட்ல மறுநாள் காலை 6 மணி வரைக்கும் கையெழுத்துப் போட்டிருந்தது. மெத்தைக்கு அடியில கைய விட்டுப் பார்த்தேன், அப்பாவோட இடுப்பெலும்பு என் கையில இடிச்சுது. பம்ப் ஓடுது, ட்யூப் கழண்டு கிடக்குது, மெத்தையில காத்தே இல்ல. ரெண்டு ஆள்னு சொன்னாங்களே, இருந்தது ஒரே அக்கா, 24 மணி நேரமும். அவங்களுக்குக் கொடுத்தது நாளுக்கு 500 ரூபாய்தானாம். அவங்க மேல எனக்குக் கோபம் வரல.

மேனேஜருக்குப் போன் போட்டேன். முதல்ல, "வயசானா அப்படித்தான் தம்பி." அடுத்து, "சுகர் இருக்கும், செக் பண்ணுங்க." அப்பாவுக்கு சுகர் கிடையாது. அப்புறம், "அது ஆஸ்பத்திரி நர்ஸ் பொறுப்பு." நர்ஸைக் கேட்டா, "அட்டெண்டர் வச்சிருக்கீங்களேன்னு விட்டுட்டோம்"ங்கிறாங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்த அத்தனை நாள்ல ஒருத்தராவது முதுகைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா? நேத்து டிஸ்சார்ஜ் ஆகி வந்து திரும்பப் போன் போட்டா, "சார் லீவு." இன்னைக்கு என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. 32,000 ரூபாய்க்கு ஒரு ரசீது கூடக் கிடையாது, ஜிபே ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான் இருக்கு. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் கொடுத்திருக்கேன்.

என்னென்ன கவனிக்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியல. இதையாவது செய்யுங்க. போட்டோவை நம்பாதீங்க, தினமும் வீட்டு ஆள் ஒருத்தர் முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் கண்ணால பாருங்க. நம்ம நிறத்துக்கு ஆரம்பச் சிவப்பு சரியாத் தெரியாது, தொட்டுப் பாருங்க. ஒரு இடம் மட்டும் சூடாவோ கெட்டியாவோ கருமையாவோ இருந்தா உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. அந்த இடத்தைத் தேய்ச்சு விடாதீங்க. ஏர் பெட் போட்டிருந்தாலும் புரட்டிப் போட்டே ஆகணும். குதிகால் மெத்தையில படாம கெண்டைக்காலுக்குக் கீழ தலையணை வைங்க.

முன்பணம் மொத்தமாக் கொடுக்காதீங்க. 32,000 ரூபாய், என் ஒன்றரை மாசச் சம்பளம். டிரெஸ்ஸிங் மாத்த சிஸ்டர் வந்துட்டாங்க, அப்பாவைப் பிடிச்சுக்கணும், போறேன்.