ஆற்றில் ஊறிய ஆளியும் பனியில் கிடந்த ஆளியும்

லினன் துணியின் தரத்தில் பெரும்பகுதி, நூல் தறிக்கு வருவதற்கு வெகு முன்பே, அந்த நூலைத் தரும் ஆளிச்செடியின் தண்டுகளை ஊறப்போடும்போதே முடிவாகிவிடுகிறது. தண்டின் தோலுக்கும் உள்ளே இருக்கும் தக்கைக்கும் நடுவே ஓடும் நாரைப் பெக்டின் என்னும் பசை பிடித்துவைத்திருக்கிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று தளர்த்தினால்தான் நார் கழன்று வரும். குமரி மாவட்டத்தில் கயிறு திரிப்பதற்காகத் தேங்காய் மட்டையை ஊறப்போடுவதும் இதே வேலைதான், மட்டைக்கு மட்டும் மாதக்கணக்கில் ஆகும்.

போர்ச்சுகலின் வீசெயு நகரை அடுத்த வார்ஸியா டி கால்டி என்னும் சிற்றூரில் பெண்கள் இந்தத் தொழிலை இன்றும் கைவிடாமல் காத்துவருகிறார்கள். அந்நாட்டின் வடக்கு, நடுப் பகுதிகளில் வழிவழியாக வந்தது நீரில் ஊறப்போடும் முறை. விதை நீக்கிய கற்றைகளை ஆற்றில் அமிழ்த்தி, மிதக்காதபடி மேலே கல்லேற்றிவிடுவார்கள். நீரின் வெப்பத்தைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் பாக்டீரியாக்கள் வேலையை முடித்துவிடும். கற்றை முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக ஊறுவதால் நார் வெளிர்மஞ்சளாகவும் மென்மையாகவும் கிடைக்கிறது. நனைந்த கற்றையின் கனமும் அதன் நாற்றமும் இந்த முறைக்குக் கொடுக்கும் விலை.

பிரான்சின் நார்மாண்டியில் வேரோடு பிடுங்கிய தண்டுகளை வயலிலேயே பரப்பிவிடுகிறார்கள். இரவுப் பனியிலும் தூறலிலும் வளரும் பூஞ்சைகள் பசையைத் தின்ன மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன; இடையில் புரட்டிப் போட இயந்திரம் இருக்கிறது, தண்டைச் சுமக்க வேண்டியதில்லை, ஆறும் கெடுவதில்லை. பெல்ஜியத்தின் லெய் ஆற்றில் ஆளி ஊறப்போடுவதற்கு 1943இல் தடை வந்ததை நினைத்தால், ஆறு கெடாத அந்தக் கடைசி நன்மை சிறியதன்று என்பது விளங்கும். ஆனால் வானம் வறண்டால் நார் தக்கையை விட்டுப் பிரியாது, மழை மிகுந்தால் நாரே நைந்துபோகும். அறுவடைக்குப் பின் வறண்ட கோடை நிலவும் போர்ச்சுகலில் பனியை நம்பியிருக்க முடியாது.

கையால் நூற்பவருக்கு ஆற்று முறையே ஏற்றது என்பது என் கருத்து. ஆலையில் ஈரநூற்பின்போது நார் வெந்நீர்த் தொட்டி வழியே செல்வதால், எஞ்சிய பசையும் அங்கே இளகி, ஊறலில் நேர்ந்த குறை மறைந்துவிடுகிறது. கிராமத்துப் பெண்ணிடம் இருப்பதோ ஒரு தக்ளியும், நாரை நனைக்க நாவின் எச்சிலும்தான். பாதி ஊறிய நார் வந்தால் அவர் விரலிடுக்கிலேயே அது சிக்கி நிற்கும். பனியில் கிடந்த நாரின் வெள்ளிச் சாம்பல் நிறம் கடைகளில் இயற்கை நிறம் என்ற பெயரில் விலைபோகிறது என்பது உண்மையே. ஆனால் வெள்ளைத் துணி வேண்டுவோர் நூலைச் சாம்பல்நீரில் வேகவைத்து வெயிலில் காயப்போட வேண்டியிருக்கும்போது, தொடக்கத்திலேயே நிறம் வெளுத்திருந்தால் அந்தச் சுற்றுகளில் சில மிச்சமாகும். ஆண்டுக்குச் சில கற்றைகள் ஓர் ஆற்றுக்கு இழைக்கும் தீங்கை, ஒரு தொழில்துறையே லெய் ஆற்றுக்கு இழைத்த தீங்கோடு சேர்த்து எண்ணுவதும் முறையன்று.

பதம் பார்க்கும் விதம் இரண்டுக்கும் ஒன்றே: தண்டை ஒடித்தால் தக்கை முறிந்து, நார் அறுபடாமல் நுனிவரை நாடாபோல உரிந்து வர வேண்டும். ஆற்றுக் கற்றையில் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்ற கணக்கில் இரண்டொரு தண்டை ஒடித்துப் பார்த்தால் போதும். பனி வயலிலோ மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, வரப்பு நிழலில் ஒன்று என்று நடந்து நடந்து ஒடிக்க வேண்டும்.