பாமிர் நெடுஞ்சாலையா, கர்ரெத்தேரா அவுஸ்த்ராலா? சைக்கிள் பக்கம் நின்று ஓர் அலசல்

பணமும் விடுப்பும் தடையே இல்லை என்றால் சைக்கிளில் போக எந்தச் சாலை என்று கேட்டால், கடைசிவரை போட்டியில் நிற்பவை இரண்டு. ஒன்று பாமிர் நெடுஞ்சாலை, அதாவது எம்41. தஜிகிஸ்தானின் துஷான்பேயில் கிளம்பி, கோரோக், முர்காப் வழியாகக் கிர்கிஸ்தானின் ஓஷ் நகருக்குப் போவது. இன்னொன்று சிலியின் தெற்கே புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து வில்லா ஓஹிகின்ஸ் வரை இறங்கும் கர்ரெத்தேரா அவுஸ்த்ரால், ஏழாம் எண் சாலை. நீளத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம், 1,200 கி.மீ.யைச் சற்றே தாண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் தேர்வு பாமிர்.

காட்சியை வைத்து முடிவெடுக்க முடியாது. சிலியில் கெயுலாத்தின் தொங்கும் பனியாறும் ஜெனரல் கர்ரேரா ஏரியின் நீலமும் என்றால், பாமிரில் பஞ்ச் ஆற்றின் மறுகரையில் ஆப்கானிஸ்தானும் 3,900 மீட்டரில் கராகுல் ஏரியும். பருவமும் மோதவில்லை. சிலிக்கு நவம்பர் முதல் மார்ச், பாமிருக்கு ஜூன் முதல் செப்டம்பர். நேரம் கையில் இருப்பவர் ஒரே ஆண்டில் இரண்டையும் முடிக்கலாம், எது முதலில் என்பதுதான் கேள்வி. சாப்பாடு, தங்கல் இரண்டிலும் சிலி சுலபம். ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு ஊரும் கடையும் வந்துவிடும்.

முடிவைத் தீர்மானிப்பது வண்டிப் பராமரிப்பு. காசு எவ்வளவு இருந்தாலும் அது வேலை செய்வது கிளம்பும் நாள்வரைதான். நடுவழியில் வண்டி படுத்துவிட்டால் பையில் இருக்கும் சாமான்தான் காசு. ஆகவே பார்க்க வேண்டியது இதுதான்: அந்தச் சாலை சைக்கிளை எப்படிக் கெடுக்கும், அதை வீட்டிலேயே தடுத்துவிட முடியுமா?

சிலிச் சாலை சைக்கிளைத் தேய்க்கிறது. வில்லா செர்ரோ காஸ்தியோவுக்குத் தெற்கே பெரும்பாலும் ரிப்பியோ எனப்படும் ஜல்லி மண் ரோடு. வடபகுதியில் கோடையிலும் நாள்கணக்கில் மழை விடாது. ஈரத்தில் குழைந்த மண் செயினுக்குள் புகுந்துவிட்டால் சாணை பிடிப்பதுபோல் அரைக்கும். 9 கியர் செயின் என்றால் அளவுமானியில் 0.75 சதவீத நீட்சியிலும், 11 கியர் என்றால் 0.5 சதவீதத்திலும் மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பின்பல் சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். தினமும் சாயங்காலம் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, ஈரத்துக்கான கெட்டி எண்ணெய் விடாமல் படுக்கக்கூடாது.

பிரேக் இன்னும் மோசம். டிஸ்க் பிரேக்கின் ரெசின் கட்டை, ஈர மண்ணில் இரண்டு மூன்று நீண்ட இறக்கங்களிலேயே தகரம் தெரியத் தேய்ந்துவிடக்கூடும். உலோகத்தூள் கலந்த சின்டர்டு கட்டைதான் தாங்கும், அதிலும் நான்கு ஜோடி கையில் வேண்டும். ரிம் பிரேக் என்றால் ரிம்மின் பக்கச்சுவரே குழிந்துகொண்டு வரும். அதிலுள்ள தேய்மானக் கோடு மறைந்துவிட்டால் அதன்பிறகு ஒரு நாளும் ஓட்டக்கூடாது, காற்றழுத்தத்தில் ரிம் வெடிக்கும். செயினுக்குப் பதில் பெல்ட்டும், கியர்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஹப்பும் போட்டால் செயின் தொல்லை தீரும், பிரேக் தேய்வது தீராது. எவ்வளவு செலவழித்தாலும் மழை மழைதான். இதுதான் சிலிக்கு எதிராக என் முக்கியமான புள்ளி: தேய்மானம் நிச்சயம், தினசரி, தடுக்க முடியாதது.

பாமிர் சைக்கிளைத் தேய்ப்பதில்லை, உடைக்கிறது. காய்ந்த தூசி என்பதால் மெழுகுவகை எண்ணெய் போட்டு உலர்துணியால் துடைத்துக்கொண்டே போனால் செயின் நன்றாக உழைக்கும். (கெட்டி எண்ணெயை இங்கே கொண்டுவராதீர்கள். தூசியை இழுத்துப் பசையாக்கிவிடும்.) ஆபத்து அதிர்வில் இருக்கிறது. கராகுலிலிருந்து கிசில் ஆர்ட் கணவாய்ப் பக்கம் ரோடு தகரக்கூரை மாதிரி அலை அலையாக இருக்கும். எம்41-ஐ விட்டு, ஆப்கான் எல்லையோர வாகான் பள்ளத்தாக்கு வழியே லங்கர் கிராமத்தைத் தாண்டி 4,344 மீட்டர் கர்குஷ் கணவாய்க்கு ஏறினால் மணலும் சேர்ந்துகொள்ளும். இங்கே உடைபவை மூன்று: ஸ்போக் கம்பி, கேரியர் போல்ட், டயரின் பக்கச்சுவர். மூன்றையும் வீட்டிலேயே தடுக்க முடியும்.

ஸ்போக்கை எடுத்துக்கொள்வோம். உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், பல்சக்கரம் இருக்கும் பக்கம், ஹப்பில் கம்பி வளையும் முழங்கையில். பாரம் பின்னால், இழுவிசை அந்தப் பக்கம் அதிகம். ஆனால் உடைய வைப்பது இறுக்கம் அல்ல, தளர்வு. ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும் கம்பி கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். அக்கம்பக்கக் கம்பிகளைவிடத் தளர்வாகக் கட்டிய கம்பி கூடுதலாக அசைந்து அசைந்து உலோகம் களைத்து அறுகிறது. அதனால் 36 துளை ரிம், நடுவில் மெலிந்த 2.0–1.8 மி.மீ. கம்பி, கையால் கட்டி, இறுக்கமானியில் எல்லாம் சமமாக வரும்வரை சரிபார்த்த சக்கரம் வேண்டும். கட்டி முடித்ததும் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் அழுத்தி, பிறகு மறுபடி கோட்டம் எடுக்க வேண்டும். பாரத்தோடு 300 கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை பார்த்தபிறகே பெட்டியில் கட்டலாம். பணம் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கையிருப்பு: பல்சக்கரப் பக்கத்துக்கு நான்கு கம்பி, மறுபக்கத்துக்கு இரண்டு, முன்னுக்கு இரண்டு. நீளம் ஓரிரு மி.மீ. வேறுபடும் என்பதால் டேப் ஒட்டி எழுதி வையுங்கள். பல்சக்கரத்தைக் கழற்றாமல் அந்தப் பக்கக் கம்பியை மாட்ட முடியாது. ஃபிரேமையே நெம்புகோலாக வைத்துக் கழற்றும் சின்னக் கருவி ஒன்று கிடைக்கிறது, அது இல்லாமல் கம்பி மட்டும் கொண்டுபோவது வீண். கூடவே, அறுந்த கம்பிக்குப் பதில் தற்காலிகமாகக் கட்டும் நார்க்கயிறு ஸ்போக் ஒன்று இருந்தால், வெட்டவெளியில் எதையும் கழற்றாமல் ஊர்வரை வந்துவிடலாம்.

கேரியர் இரும்புக்குழாயாக இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம். இரும்பு உடைந்தால் லாரிக்குப் பற்றவைப்பவரே ஒட்டிக்கொடுப்பார், அலுமினியத்தை அவரால் தொட முடியாது. ஆனால் குழாய்க்கு முன் போய்விடுவது அதைப் பிடித்திருக்கும் எம்5 (5 மி.மீ.) போல்ட். அதிர்வில் தளர்ந்து, தளர்ந்ததால் ஆடி, ஆடியதால் தலை அறுந்து, மீதி ஃபிரேமுக்குள்ளேயே நின்றுகொள்ளும். தடுப்பது எளிது: மரை தளராமல் பிடிக்கும் நீலநிறப் பசை, கொஞ்சம் நீளமான போல்ட், உள்பக்கம் ஒரு லாக் நட். பல்சக்கரப் பக்கம் போல்ட் முனை நீட்டிக்கொண்டு, மிகச்சிறிய பல்லில் செயின் ஓடும்போது உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இரண்டு நாளுக்கு ஒருமுறை 4 மி.மீ. அலன் சாவியால் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். உதிரியாகப் பத்து போல்ட்டும் நான்கு ஹோஸ் கிளாம்பும் போதும்.

டயர் 2.0 முதல் 2.25 அங்குலம். 25 கிலோ மூட்டைக்குப் பின்னால் 35–40 பி.எஸ்.ஐ., முன்னால் 30 சரியாக இருக்கும். துஷான்பேயில் அடித்த காற்று, வெளியழுத்தம் குறைவதால், அதே வெப்பநிலையில் 4,655 மீட்டர் அக்பைத்தால் உச்சியில் சுமார் 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். கொஞ்சம் இறக்கிவிட்டால் கைக்கும் ரிம்முக்கும் நல்லது. 26 அங்குலச் சக்கரம் என்றால் வழிச் சந்தைகளில் மட்டமான டயராவது கிடைக்க வாய்ப்புண்டு. 29 என்றால் மடிக்கும் டயர் ஒன்றைச் சுமந்தே ஆக வேண்டும். பழைய டயரில் வெட்டிய நான்கு விரல் அகலத் துண்டு இரண்டு இருந்தால் கிழிந்த பக்கச்சுவருக்கு உள்ளே வைத்து ஓட்டலாம்.

பாமிரில் பணத்தால் தடுக்க முடியாத ஒன்று உயரம். அது யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாரைப் படுக்கவைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது, நல்ல உடல்வலுவும் உத்தரவாதம் இல்லை. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். இதனால்தான் துஷான்பேயிலிருந்து ஓஷ் போகும் திசை நல்லது. கோரோக் 2,100 மீட்டர் அளவில்தான், அங்கிருந்து மெல்ல ஏறலாம். ஓஷிலிருந்து கிளம்பினால் 1,000 மீட்டரிலிருந்து சாரி தாஷின் 3,170க்கு 185 கி.மீ.தான், அடுத்த ஊர் கராகுல். மேலே தண்ணீர் 87 டிகிரிக்கே கொதிப்பதால் அரிசி வேகாமல் எரிபொருளைத் தின்னும். சேமியா, நூடுல்ஸ், ரவை கொண்டுபோங்கள். பெட்ரோல் எரிக்கும் அடுப்பு வேண்டும், மட்டமான பெட்ரோலில் கரி பிடிக்கும் என்பதால் ஜெட் குத்தும் ஊசியும் வேண்டும்.

வெளியேறும் வழியில் சிலிதான் மேல். பாதிவழியில் கோய்ஹைக்கே நகரம், பக்கத்தில் பால்மசேடா விமான நிலையம், நடுநடுவே பஸ், படகு. முழங்கால் பிரச்சினை உள்ளவர், உயரத்தில் ஏற்கெனவே அவதிப்பட்டவர், குளிர்மழை பரவாயில்லை என்பவர், யோசிக்காமல் அங்கே போகலாம். அந்தச் சாலையின் மிக உயர்ந்த இடமே 1,100 மீட்டர் அளவில்தான். பாமிரில் வண்டியை ஜீப் கூரையில் கட்டிக்கொண்டு முர்காப்பிலிருந்து ஓஷுக்கோ கோரோக்கிலிருந்து துஷான்பேக்கோ போகலாம், ஆனால் ஜீப் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பாமிருக்கு டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு விஷயம். தஜிகிஸ்தானின் பாமிர் மலைப் பிரதேசமான கோர்னோ பதக்‌ஷான் பகுதிக்குள் நுழைய விசாவுக்கு மேல் தனி அனுமதி வேண்டும். கிசில் ஆர்ட் எல்லை 2020-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த இடம். இரு நாட்டுச் சாவடிகளுக்கும் இடையே சுமார் 20 கி.மீ. வெறும் மலை. தஜிக் பக்கம் முத்திரை குத்திவிட்டு இறங்கிப்போய்க் கிர்கிஸ் பக்கம் கதவு திறக்காவிட்டால், திரும்ப 4,280 மீட்டருக்கு ஏற வேண்டியிருக்கும். அதனால் முர்காப்பை விடும் முன் இரண்டு பக்கமும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.