மாட்டைக் கதிர்வீச்சிலிருந்து காக்க: அயோடினா, செலினியமா?

கல்பாக்கம் பக்கம் மாடு வைத்திருக்கும் சித்தப்பா, அணு உலையில் ஏதாவது ஆகிவிட்டால் மாட்டுக்குக் கொடுக்க எதை வாங்கி வைக்கலாம் என்று கேட்டார். நான் அயோடின் பக்கம். தீவனக்கடைக்காரர் செலினியம் பக்கம்.

செலினியத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கதிர்வீச்சு உடலுக்குள் உண்டாக்கும் பெராக்சைடுகளை அழிக்கும் ஒரு நொதி வேலை செய்யச் செலினியம் வேண்டும். கதிர்வீச்சுக்கு முன்பே ஊசி போட்ட எலிகள் ஓரளவு கூடுதலாகப் பிழைத்தன. ஆனால் எலியில் கண்டதை மாட்டுக்கு அப்படியே சொல்ல எனக்குத் தைரியமில்லை. குறைவாக இருந்தால் கன்றுக்குத் தசை நோய், கூடினால் விஷம். 2009இல் ஃபுளோரிடாவில் செலினியம் அளவு மீறிய ஊசியால் 21 போலோ குதிரைகள் செத்தன. தாது உப்புக் கலவையில் இருப்பது போதும்.

அயோடின் செய்வது ஒரே வேலைதான், ஆனால் அது எப்படி என்பது தெளிவாகத் தெரியும். தைராய்டு, நல்ல அயோடின் எது கதிரியக்க அயோடின் எது என்று பார்க்காது, கிடைப்பதை எடுத்துக்கொள்ளும், அதனால் பொட்டாசியம் அயோடைடு கொடுத்து முன்கூட்டியே நிரப்பிவிட்டால் அயோடின்-131 என்ற அந்தக் கதிரியக்க வகைக்கு உள்ளே இடமிருக்காது. செர்னோபில் உலைக்கு 6 கிலோமீட்டர் தள்ளி ஒரு தீவில் விடப்பட்ட குதிரைகள் தைராய்டு அழிந்தே செத்தன, பிழைத்த மாடுகள் சில வளராமல் குட்டையாகிப்போயின.

எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. மனிதர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, கதிரியக்கம் வந்து சேரும் முன் 24 மணி நேரத்துக்குள், இல்லையென்றால் வந்த 2 மணி நேரத்துக்குள். 8 மணி நேரம் வரைகூடப் பரவாயில்லை. ஒரு நாள் தாண்டிக் கொடுத்தால் உள்ளே போனதை அங்கேயே பிடித்துவைத்து நன்மையைவிடக் கெடுதல் அதிகமாகலாம். மேய்ச்சலுக்குப் போன பத்து மாட்டைத் தேடிப் பிடித்து, வாயைத் திறந்து ஊற்றி முடிப்பதற்குள் எத்தனை மணி ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பீரோவில் பூட்டி வைத்த டப்பாவால் பிரயோசனமில்லை. தொழுவத்திலேயே இருக்க வேண்டும், மாட்டுக்கான அளவைக் கால்நடை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கி அதன் மேல் ஒட்டிவிட வேண்டும். தினமும் கொடுத்துப் பழக்கலாமே என்று கேட்காதீர்கள், அதிக அயோடினும் தைராய்டைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும்.

அப்புறம், உண்மையைச் சொன்னால் இரண்டையும்விட மூடி வைத்த வைக்கோல் போர் பெரிய விஷயம். அயோடின்-131இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவரை மாட்டைக் கொட்டகையில் கட்டிப் பழைய தீவனம் போட முடிந்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

சீசியம்-137 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் வந்தால் கதை வேறு, அதன் அரை ஆயுள் 30 வருடம். அயோடினும் செலினியமும் அதைத் தடுக்காது. நார்வேயில் செர்னோபிலுக்குப் பிறகு ஆடுகளுக்கும் துருவ மான்களுக்கும் கொடுத்தது, சீசியத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் பிரஷ்யன் நீல வகை உப்பு.