நொண்டல் தேறும் குதிரை: லாய ஓய்வா, சிறு அடைப்பா, கயிற்று நடையா?

நொண்டிய குதிரை தேறத் தொடங்கியதும் அதை வளர்ப்பவர் மூன்று வழிகளுக்கு நடுவே நிற்கிறார். லாயத்து அறைக்குள்ளேயே நிறுத்திவைக்கலாம். சிறிய அடைப்புக்குள் அதன் போக்கில் விடலாம். கயிற்றைப் பிடித்துக் கணக்குவைத்து நடத்தலாம். மூன்றுமே ஏதோ ஒரு குதிரையைத் தேற்றியிருப்பதால்தான் இந்த வாதம் தீராமல் தொடர்கிறது. எந்த வழி சிறந்தது என்று கேட்பதற்கு முன், காலில் கெட்டிருப்பது எலும்பா, மூட்டா, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணா என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்து அதைச் சொல்லாதவரை மூன்றில் எதைச் செய்தாலும் அது குருட்டாம்போக்குதான்.

குளம்புக்குள் சீழ் கட்டி வரும் நொண்டலை இந்த ஒப்பீட்டில் சேர்க்கத் தேவையில்லை. காலைத் தரையில் ஊன்றவே முடியாத வலி ஒரே இரவில் வந்தாலும், சீழை வெளியேற்றிக் குளம்பைச் சுத்தமாகக் கட்டி வைத்தால் பெரும்பாலும் சில நாள்களிலேயே நடை திரும்பிவிடும்.

லாய ஓய்வின் பலம் அதன் எளிமை. எலும்பில் விரிசல் விட்டிருந்தால் தொடக்கத்தில் இதற்கு மாற்றே கிடையாது. ஓர் அடி தவறினாலும் விரிசல் முழு முறிவாகிவிடக்கூடும் என்பதால், 12 அடிக்கு 12 அடி அறைக்குள் குதிரை வாரக்கணக்கில் நின்றே ஆக வேண்டும். ஆனால் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நாள் முழுக்க நடந்து மேய்வதற்கென்றே அமைந்த விலங்கை ஓரிடத்தில் நிறுத்தினால் குடலின் அசைவு மந்தமாகும். அதோடு தண்ணீர் குடிப்பதும் குறைந்தால் பெருங்குடலில் தீவனம் இறுகி அடைத்துக்கொள்ளும். ஆகவே 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ வரை உலர்புல்லைப் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உழைப்புக்காகக் கொடுத்துவந்த தானியத்தை அப்போதே குறைத்துவிட வேண்டும். தண்ணீரை அளந்து வைப்பதும், காலையில் லத்தி எத்தனை குவியல் என்று எண்ணுவதும் மருந்துக்கு இணையான வேலைகள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அடிபட்ட காலை ஊன்றாமல் எதிர்க்காலிலேயே நீண்ட நாள் பாரத்தைத் தாங்கும் குதிரைக்கு, அந்த நல்ல காலின் குளம்புக்குள் லேமினைடிஸ் என்னும் அழற்சி வரலாம். குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்பக்க ஓரத்தில் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தால், சாதாரண நாளில் தேடித்தான் கண்டுபிடிக்க முடிகிற நாடி, அழற்சி தொடங்கினால் விரலை இடிப்பதுபோல் துடிக்கும். ஆகவே நோயுற்ற காலை விட்டுவிட்டு மற்ற காலைத் தொட்டுப் பார்ப்பதும் அன்றாட வழக்கமாக வேண்டும்.

சிறு அடைப்பு என்பது லாய அறையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பரப்புள்ள, நடக்க முடியும் ஆனால் ஓட முடியாத வேலிக்குள் விடுவது. மூட்டுத் தேய்மானத்தால் விறைத்து நடக்கும் வயதான குதிரைக்கு இதைவிட நல்லது வேறில்லை என்றே சொல்வேன். அத்தகைய மூட்டு அசைய அசையத்தான் இளகும், அதை அறைக்குள் அடைத்தால் மறுநாள் காலை நடை இன்னும் மோசமாக இருக்கும். குடலுக்கும் மனத்துக்கும் இந்த வழி இதமானது. இதன் குறை, அளவு நம் கையில் இல்லை என்பதே. அருகிலுள்ள குதிரை மிரண்டு ஓடினால் இதுவும் வேலியோரமாகத் துள்ளித் திரும்பும். சேற்றுத் தரையாக இருந்தால் வழுக்கும். புதிதாகக் கிழிந்த தசைநாணுக்கு அப்படி ஒரு திருப்பம் போதும், மாதக்கணக்கான உழைப்பு வீணாக.

இந்தத் தசைநாண் காயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். முன்னங்காலின் பின்புறம் ஓடும் தசைநாண் கிழிந்தால், வீக்கம் வடிந்து நொண்டல் மறையச் சில வாரங்களே ஆகலாம். உள்ளே இழைகள் வலுப்பெறவோ பெரும்பாலும் 9 முதல் 12 மாதங்கள் ஆகும். ஆறும் இடத்தில் முதலில் உருவாகும் மூன்றாம் வகைக் கொலாஜன் என்னும் புரத இழை வலுக்குறைந்ததாகவும் தாறுமாறாகவும் இருக்கும். அது மெல்ல மெல்ல முதல் வகையாக மாறி, காலின் நீளவாக்கில் ஒழுங்காகப் படிவதற்கு அளவான இழுவிசை வேண்டும். முழு ஓய்வு அந்த இழுவிசையைத் தருவதில்லை. சிறு அடைப்பு அதைக் கணக்கில்லாமல் தருகிறது. அளந்து தருவது கயிற்று நடை ஒன்றுதான். மருத்துவர் அனுமதித்தபின் நாளுக்கு 5 அல்லது 10 நிமிடத்தில் தொடங்கி, காலில் சூடோ வீக்கமோ இல்லையென்றால் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டு போவது பரவலான முறை. தரை சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும்; கால் புதையும் மணலில் தசைநாணுக்குச் சுமை கூடும். நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடுவதைச் சிலர் இதற்கு மாற்றாகச் சொல்கிறார்கள்; வட்டம் சுருங்கச் சுருங்க மூட்டுகளில் கோணலான பாரம் விழுவதால் தேறும் காலத்தில் அதை நான் அறவே ஏற்கமாட்டேன்.

கயிற்று நடைக்கு எதிராக ஒரே வாதம்தான் உண்டு, அது நியாயமானதும்கூட: இதற்கு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், சில வேளை துணிச்சலும் வேண்டும். ஆறு வாரம் அறையில் நின்ற ஒரு பெண்குதிரையை முதல் நாள் நான் வெளியே அழைத்தபோது, வாசற்படியைத் தாண்டும்வரை ஆட்டுக்குட்டிபோல் வந்தது. பிறகு காற்றில் ஒரு சாக்கு படபடத்ததும் பின்னங்கால்களில் எழுந்து நின்றுவிட்டது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காமல் இருந்ததால் என் விரல்கள் தப்பின. அதன் தசைநாண் தப்பியது என் சாமர்த்தியத்தால் அல்ல. அதன்பின், அத்தகைய குதிரையை நடத்தும் முன் லேசான மயக்க மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

எந்த வழியானாலும் வலிநிவாரணியோடு சேரும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. பினைல்பியூட்டசோன் கொடுத்த குதிரையை அறையில் வைத்திருப்பது ஒன்று, அடைப்பில் விடுவது வேறு. வலி தெரியாத குதிரை காலைக் காத்துக்கொள்ளாது. அந்த மருந்து இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் உண்டாக்கக்கூடியது. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்கு ஆபத்து இன்னும் கூடும். ஃபிரோகாக்சிப் என்னும் இன்னொரு வலிநிவாரணி வயிற்றுக்குச் சற்று இதமானது என்றாலும் அதுவும் தீங்கற்றதல்ல. நடை சரியாகிவிட்டதா என்று பார்ப்பதை மருந்தின் வேகம் முழுதும் அடங்கிய பிறகே செய்ய வேண்டும். உறுதியான தரையில் டிராட் என்னும் மிதமான ஓட்டத்தில் விட்டால், நோயுள்ள முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும், நல்ல கால் ஊன்றும்போது தாழும்.

ஆகவே தசைநாணுக்கு என் வரிசை இது: லாய ஓய்வோடு கயிற்று நடை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், அதன்பின் ஏறி உட்கார்ந்து நடத்துதல், கடைசியாகத்தான் அடைப்பு. தேய்மானத்துக்கு அடைப்பே முதலில். அடைப்பில் விடும் அந்த முதல் நாளில் குதிரையை முன்னதாகவே நடத்திக் களைக்கவைத்து, கால்களுக்குப் பட்டி கட்டி, உள்ளே உலர்புல்லைப் பரப்பி, வேலிக்கு அப்பால் அமைதியான ஒரு குதிரையை நிறுத்திய பிறகே கயிற்றை அவிழ்ப்பேன்.