மாரியுஸ் (1931): பழைய படம்னு ஒதுக்கிடாதீங்க

ஃபிரெஞ்சு எழுத்தாளர் மர்செல் பஞோல் 1929ல போட்ட நாடகத்தத்தான் ரெண்டே வருஷத்துல அலெக்சாண்டர் கோர்டா படமா எடுத்துட்டாரு, அதனால பாதிப் படம் ஃபிரான்ஸோட மார்செய் துறைமுகத்துல ஒரு பாருக்குள்ளயே பேச்சா ஓடுது, கேமரா பெருசா நகராது, ஆனா சத்தியமா போரடிக்கல.

காரணம் அப்பா செசாரா வர்ற ரைமூ தான். பையன் மாரியுஸுக்கு சரக்கு கலக்கச் சொல்லிக் குடுக்குறாரு, மூணுல ஒரு பங்கு இது, மூணுல ஒரு பங்கு அது, மூணுல இன்னொரு பங்கு வேற ஒண்ணு, கடைசியா மூணுல 'பெரிய' ஒரு பங்கு தண்ணி! அப்பா மொத்தம் நாலு பங்கு ஆகுதேன்னு பையன் கேட்டா, அது பங்கோட சைஸப் பொறுத்ததுன்னு எரிஞ்சு விழுறாரு பாருங்க, ரிவைண்ட் பண்ணி பாத்தேன்.

சீட்டாட்டத்துல ஹார்ட் போடுன்னு பார்ட்னருக்கு சிக்னல் குடுக்க 'நெஞ்சப் பொளக்குறியே'ன்னு செசார் புலம்புற சீனும் அட்டகாசம்.

மாரியுஸ லவ் பண்ற, சிப்பி விக்கிற பொண்ணு ஃபனி பாவம், அவன் கண்ணு கப்பல் மேலயே.