நெஃப்ரோடிக் பிள்ளைக்கு வீடியோ டாக்டர்: சில வருட அனுபவம்

என் மகனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரில் புரதம் வெளியேறி முகமும் காலும் வீங்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் வடியும். ஒரு சளி பிடித்தால் போதும், திரும்ப வந்துவிடும். நாங்கள் இருப்பது திருநெல்வேலி பக்கம் கல்லிடைக்குறிச்சியில், குழந்தைகள் சிறுநீரக டாக்டர் சென்னையில். 2020 மார்ச்சில் டெலிமெடிசினுக்கு அரசு விதிமுறை வந்த பிறகு வீடியோவுக்கு மாறினோம்.

லாபம் இல்லாமல் இல்லை. ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி குறைவு. அவனைக் கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் கூட்டிப்போனால், டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போதே சளியையும் வாங்கி வருவான்.

தொல்லை, சிறுநீரில் புரதம் பார்க்கும் ஸ்ட்ரிப்பில்தான் தொடங்கியது. காலையில் முதல் சிறுநீரில் முக்கி, பாட்டிலில் ஒட்டியிருக்கும் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து, புரதம் அதிகம் போவதைக் காட்டும் 3+ நிறம் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு. 2+ பச்சைக்கும் 3+ பச்சைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. டியூப் லைட்டில் எடுத்து அனுப்பிய போட்டோவில் எல்லாமே ஒரே பச்சை! இப்போது பாட்டிலையும் ஸ்ட்ரிப்பையும் சேர்த்துப் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் எடுக்கிறேன். அதுவும் சொன்ன நேரத்துக்குள் எடுக்க வேண்டும், தாமதித்தால் நிறம் மாறிவிடும்.

அப்புறம் வீக்கம். ஒருநாள் ஆச்சி, "புள்ளைக்குக் கண்ணுக்குக் கீழ ஊதியிருக்கு பாரு" என்றார். வீடியோவில் டாக்டர், "நார்மலாத்தானே தெரியுது" என்றார். போன் கேமரா முகத்தை மழுமழுவென்று காட்டினால் அவர் என்ன செய்வார்? முன்னங்கால் எலும்பு மேல் கட்டைவிரலால் அழுத்தி, பள்ளம் விழுகிறதா என்று பார்க்க எனக்கே சொல்லிக்கொடுத்தார். விழுந்தது.

பிரஷர் பார்ப்பதுதான் பெரிய பாடு. ஸ்டீராய்டால் பிரஷர் ஏறலாம், அதனால் ஒவ்வொரு ஆலோசனைக்கும் அந்த எண் வேண்டும். பக்கத்து கிளினிக்கில் கையில் சுற்றும் பட்டை பெரியவர்களுக்கானது மட்டும்தான் இருந்தது. சின்னக் கையில் அதைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும். "பரவால்ல, இதுலயே பாத்துருவோம்" என்று அவர்கள் சொன்னதில் எனக்கு இன்னும் கோபம்தான். கடைசியில் குழந்தைகளுக்கான பட்டையை நாங்களே வாங்கிக் கொண்டுபோகிறோம்.

வயிற்றுவலியோடு காய்ச்சல் என்றால் மட்டும் நான் போனையே எடுப்பதில்லை. இந்த நோயில் வயிற்றுக்குள் கிருமி தொற்றும் ஆபத்து உண்டு, தொட்டுப் பார்க்காமல் அது பிடிபடாது. நேரே திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிதான். போகிற வழியில் சென்னை டாக்டருக்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.