சகுனா: நெல் விளைந்தால்தான் கை ஓங்கும்

'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின்' வீடியோ விளையாட்டில் எத்தனை அரக்கர்களை வீழ்த்தினாலும் நாயகியின் பலம் ஒரு புள்ளிகூட ஏறாது. அறுவடை முடிந்து அரிசி வீடு வந்தால்தான் ஏறும். 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4, நின்டெண்டோ ஸ்விட்ச், கணினி மூன்றுக்கும் வந்த இதை உருவாக்கியது ஜப்பானின் எடெல்வைஸ் என்ற சிறு நிறுவனம். அதன் மையக் குழுவில் இருவர்தான்.

போர்த் தெய்வத்துக்கும் விளைச்சல் தெய்வத்துக்கும் பிறந்த சகுனா, விண்ணுலக நெற்களஞ்சியம் எரியக் காரணமாகி, ஐந்து மனிதர்களோடு அரக்கர் தீவுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே ஒரு வீடு, ஒரு வயல். விளையாட்டின் கணக்கில் ஒரு பருவத்துக்கு 3 நாள், ஆண்டுக்கு 12 நாள். அதாவது ஒரு நாள் காட்டில் சுற்றினால் வயலில் ஒரு மாதம் ஓடிவிடும். புதிதாக ஆடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

விதையை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் பதரை நீக்க வேண்டும். நாற்றங்காலில் நெருக்கி விதைத்தால் நாற்று நிறையக் கிடைக்கும், ஆனால் நோஞ்சானாக இருக்கும். நடவிலும் நெருக்கம் கூடினால் நோய் வரும். தூர் கட்டும்போது, அதாவது ஒரு நாற்று பல தண்டுகளாகப் பெருகும்போது, தண்ணீர் குறைவாக நிற்கட்டும். தூர் போதுமான அளவு கட்டியதும் வயலை ஒருமுறை காயவிட்டு, கதிர் வரும் நேரத்தில் மறுபடி நிறைத்து, அறுப்புக்கு முன் வடித்துவிடுங்கள். 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று நம் வயல்களில் சொல்வது இங்கே அப்படியே பலிக்கிறது. ஜப்பான் வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தையே வழிகாட்டியாக வைத்து ஆடலாம் என்ற பேச்சு பரவியது சும்மா இல்லை.

எருவில் இலை, கதிர், வேர் என மூன்று சத்துகள். கையில் கிடைத்ததையெல்லாம் எருக்குழியில் கொட்டாதீர்கள். இலைச்சத்து மிஞ்சினால் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும், பின்னாலேயே குலைநோய் என்ற பூஞ்சை நோய் வரும். அறுத்ததைக் கொடியில் உலர்த்தி, கதிரடித்து, உரலில் குத்த வேண்டும். எவ்வளவு தவிடு நீங்கும்படி குத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து, எந்தத் திறன் கூடும் என்பதும் மாறும். மகசூல் சுமாராகப் போனாலும் ஏற்கெனவே சேர்ந்த பலம் குறையாது, ஏற்றம்தான் சிறுக்கும். அதனால் முதல் இரண்டு ஆண்டுகளில் பயப்படாமல் சோதித்துப் பாருங்கள்.

சண்டை பக்கவாட்டுப் பார்வையில் நடக்கிறது. அரிவாள், மண்வெட்டி போன்ற உழவுக் கருவிகளே ஆயுதங்கள். ஆனால் உண்மையான ஆயுதம் தோளில் கிடக்கும் தெய்வீகத் துகில். அதை வீசி எதிரியைப் பற்றினால் நொடியில் அவன் முதுகுப்பக்கம் போய்விடலாம். ஓர் எதிரியைத் தூக்கி இன்னொருவன் மேல் எறிந்தால் இருவருக்கும் அடி. கூட்டமாக வரும்போது வெட்டுவதைவிட இதுவே வேகமாக முடிக்கும். இருட்டினால் அரக்கர்களின் பலம் பெருகும். விடியலில் கிளம்பி, அந்திக்குள் வீடு திரும்புங்கள். இரவுச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது, மறுநாள் காயம் தானாக ஆறுவது அந்தச் சாப்பாட்டால்தான்.

குறைகளும் உண்டு. புதுப் பகுதிகள் திறக்க, 'இந்தப் பொருளைத் தேடு, இந்த எதிரியை இப்படி வீழ்த்து' என்ற பணிகளை முடித்தாக வேண்டும். நடுப்பகுதியில் பார்த்த இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போக நேர்கிறது. சாப்பாட்டு நேர உரையாடல்கள் நீளம். குரல்கள் ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. ஜப்பானியக் குரலையே தேர்ந்தெடுங்கள்: நடவின்போது ஒலிக்கும் பாட்டு, ஒவ்வொரு நாற்றாக ஊன்றிப் பின்னோக்கி நகரும் சகுனாவின் அசைவோடு அப்படி ஒன்றிப்போகிறது. தொடக்கத்தில் இந்த நடவு மெதுவாகத்தான் நகரும். ஆண்டுகள் கூடக்கூட உழவுத் திறன்கள் சேர்ந்து கை வேகம் பெறும். கதிரடிக்கவும் நல்ல கருவி வரும்.